அனுசியாவுக்கு இரண்டாவது ஆபரேஷன்

சிலமலை

அன்புள்ள மகன் லிங்கேஸ்வரனுக்கு, அம்மா ஜக்கம்மாள் எழுதுவது.

நீ செய்தது தப்பு. காதுகுத்துப் பந்தியில், சொந்தபந்தம் பார்க்க, சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் பெண்டாட்டியின் இலையை மடித்தாய். "வயித்த வெட்டியும் வாய் அடங்கலையே" என்றாய். மறுநாளே ஏலத்தோட்டத்து வேலை என்று மலைக்கு ஏறிவிட்டாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தால் சிக்னல் இல்லை என்கிறாய். அதனால் ஜீப்பு யோகராஜிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படி.

அனுசியா என்னோடுதான் இருக்கிறாள். அவள் அண்ணன் கூப்பிட வந்தான். என் மருமகளை எங்கும் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மதுரைக்குக் கூட்டிப்போய் வேறு டாக்டரிடம் காட்டினேன். குழாய் விட்டுப் பார்த்தார். போன தடவை எடை குறைய இரைப்பையைச் சுருக்கியது அவள் உடம்புக்கு ஒத்துவரவில்லையாம். அமிலம் மேலே ஏறி நெஞ்செல்லாம் புண். கெட்டியாகச் சாப்பிட்டால் எரிகிறது. தண்ணியாய் இறங்குவதுதான் தங்குகிறது. இவள் வாய்தான் காரணமா என்று கேட்டேன். இல்லை என்றார். அவள் காதில் நன்றாக விழட்டும் என்று இன்னொரு தடவை கேட்டேன்.

என்ன குடித்தாள் என்றார். அவள் மலையில் உன்னோடு இருந்தபோது, ஏலக்காய் செரிமானத்துக்கு நல்லது என்று உன் ஸ்டோரில் காய் உலர்த்தும் பெண்கள் நாளெல்லாம் ஏலக்காய் தட்டிப்போட்ட சீனித்தண்ணி கொடுத்தார்களே, அதைச் சொன்னேன். எடை திரும்ப ஏறியதில் அதற்கும் பங்கு உண்டாம். டம்ளரை நீட்டியதில் நீயும் ஒருவன். பேச்சு வாங்கியது அவள் மட்டும்.

இந்தத் தடவை குடலைத் திருப்பி இரைப்பையோடு இணைப்பார்களாம். எரிச்சல் அடங்கும், எடையும் இறங்கும் என்று டாக்டர் நம்பிக்கையாகச் சொல்கிறார். அவளும் சீனியை விட்டுவிட்டாள். காலையில் ராசிங்காபுரம் ரோட்டில் நடக்கிறோம். நேற்று, "என்னத்தே, உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது" என்று என்னையே கேலி செய்தாள். பந்திக்குப் பிறகு அவள் சிரித்தது நேற்றுத்தான்.

ஆனால் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டால், "அவுக வரட்டும்" என்கிறாள். தள்ளிப்போடாதீர்கள் என்கிறார் டாக்டர். எனக்கு அந்த ஒரு பயம்தான்.

ஆஸ்பத்திரிச் சோலி என்னுடையது. பத்தியத்தை உன் தங்கை அருணா கேட்டு வந்து சொல்வாள், நான் ஆக்குவேன். ஸ்டோரில் சீனித்தண்ணியை நிறுத்த வேண்டியவன் நீ. பந்தியில் இருந்தவர்களிடம் போய், நான் பேசியது தப்பு என்று சொல்ல வேண்டியவனும் நீ. வெரசா இறங்கி வா. அவளிடம் என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் பேசாதே. ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை கையைப் பிடித்துக்கொண்டு கூட நட. அவள் கண் விழிக்கும்போது எதிரில் நில், அப்பு.

நல்லா இருப்பே,
அம்மா