ஷூ பெட்டியில் இரண்டு ஓட்டைகள்

பரணில் பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேடப்போய் உன் பெட்டி கையில் கிடைத்தது. என் மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வந்த அட்டைப்பெட்டி. மூடியில் நீ போட்ட இரண்டு ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. ஆட்டினால் உள்ளே புளியங்கொட்டைகள் உருளுகின்றன. காலையிலிருந்து அதை மேஜைமேல் வைக்கிறேன், எடுத்து உள்ளே வைக்கிறேன், மறுபடி கொண்டுவந்து வைக்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாளை மகளுக்கு ஆபரேஷன். எனக்கு வந்த அதே பித்தப்பைக் கல்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வயிற்றைக் கிழிக்காமல் சில சின்னத் துளைகள் வழியாக டிவியைப் பார்த்துக்கொண்டே பித்தப்பையை எடுக்கலாம் என்ற புதுமுறை நம் ஊருக்கு வந்தது. சாவித்துவார ஆபரேஷன் என்றார்கள். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்வதில் நன்றாகக் கைதேர்ந்த பிறகு, நாற்பத்தைந்து வயதில், நீ மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தாய். உன் வீட்டு டிவியைப் பிள்ளைகள் விடமாட்டார்கள் என்று, ஞாயிறுதோறும் அடையாறிலிருந்து ஸ்கூட்டரில் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு வருவாய். கல்யாண வீடியோ எடுப்பவரிடம் இரவல் வாங்கிய கேமராவை டிவியில் இணைத்து, மூடியைச் சற்று விலக்கிப் பெட்டிக்குள் பார்க்கும்படி நிறுத்துவாய். ஓட்டைகள் வழியாக நீளக் கருவிகளை விட்டு, டிவியை மட்டும் பார்த்தபடி புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தம்ளரில் போட வேண்டும்.

கையை இடப்பக்கம் கொண்டுபோனால் முனை வலப்பக்கம் போனது. ஓட்டைதான் தாங்குபுள்ளி, இது நெம்புகோல்டா என்று வாத்தியாரான நான் பாடம் நடத்தினேன். டிவியில் ஆழம் தெரியவில்லை என்றாய். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்ப்பதுபோல என்று அதற்கும் ஓர் உதாரணம் சொன்னேன். முறத்தோடு வந்து நின்ற என் மனைவி, அரிசியிலும் கொஞ்சம் கல் பொறுக்கிக் கொடுங்கள் டாக்டர் என்பாள். "உங்க முறத்துல அரிசியைப் பொறுக்கறதுதான் சுலபம் அண்ணி" என்பாய், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு வருஷம் கழித்து, பலருக்கு இந்த ஆபரேஷனைச் செய்திருந்த உன்னிடம் நானே வந்து படுத்தேன். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பத்தே நாளில் வந்துவிடுவேன் என்று பன்னிரண்டாம் வகுப்புக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்த நர்சிங் ஹோம் கட்டிலில் கண் விழித்தபோது வலது விலாவின் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தையல். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய்.

"உள்ள எல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்ததுடா. எது எந்தக் குழாய்னு தெளிவா தெரியல. தெரியாம வெட்டினா உயிருக்கே ஆபத்து. அதான் திறந்துட்டேன்."

கட்டில் ஓரத்தில் உன் கை இருந்தது. பத்து நாள் வாக்குப் போயிற்று என்று நான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் சக ஆசிரியர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்தபோது, உன்னை வைத்துக்கொண்டே சொன்னேன்: "சாவித்துவாரம் வழியா வரேன்னான். கடைசில கதவையே பேத்துட்டான்." எல்லாரும் சிரித்தார்கள். தையல் இழுக்க நானும் சிரித்தேன். நீயும் சிரித்துவிட்டு, என் கட்டுச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாய்.

அதன் பிறகு ஞாயிறுகளில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கவில்லை. பெட்டி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. கல்யாணங்களில் சந்தித்தோம், காப்பி குடித்தோம், பிள்ளைகள் படிப்பைப் பேசினோம். இதை மட்டும் பேசவில்லை. நீ இறந்துபோய் ஆறு வருஷமாகிறது.

முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவன் நான். பாதிக் கணக்கில் தப்பு என்று கண்டு, அடித்துவிட்டுச் சரியாகப் போட்ட எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் குறைத்ததில்லை. ஆபரேஷன் அறையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, இது சரிப்படாது என்று கருவியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் காப்பாற்றிய உனக்குக் குறைத்தேன்.

நேற்று மகள் ஆஸ்பத்திரிப் படிவத்தை நீட்டினாள். தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து செய்யச் சம்மதம் என்று ஒரு வரி. "இதுலயும் கையெழுத்துப் போடணுமாப்பா?" என்று கேட்டாள். முதலில் அங்கே போடு என்றேன். சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டினேன். இதைப் போட்டவரால்தான் உன் கல்யாணத்துக்கு நான் இருந்தேன் என்றேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொன்னேன்.

நாளை ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். மருத்துவர் வந்து, திறக்க வேண்டியதாகிவிட்டது என்று சொன்னால், எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். உன் கையைப் பிடிக்காமல் விட்ட கைதான் இது.