பரிசலில் வந்த பெண்

என் தங்கத்துக்கு, ஆயா எழுதுவது.

வெளிநாட்டு ஜூடோ போட்டியில் நீ ஜெயித்ததை டிவியில் பார்த்தேன். நீ தூக்கிப் போட்ட பெண்ணுக்கே குனிந்து வணக்கம் வைத்தாய். நம் களத்துக் கடலைக்கொடிப் போர் மேல் ஏறி விழுந்து பழகிய பிள்ளை என்று ஏரியூர் முழுக்கச் சொன்னேன்.

பண்டிகைக்குக் கூப்பிட்டபோது, டெல்லியில் பயிற்சி, வர முடியாது என்று போனில் சொன்னாய். சரி என்றேன்.

நேற்று பரிசல் ஓட்டும் மாதப்பன் வந்தான். பண்டிகையன்று இங்கே பக்கத்தில் ஒகேனக்கல்லில் உன்னையும் உன் டீம் பிள்ளைகளையும் ஏற்றினானாம். "ஏம்மா, ஆயாவப் பாக்க வூட்டுக்குப் போவலியா?" என்று கேட்டதற்கு, "நான் இந்த ஊர் இல்லீங்க, வேற யாரோன்னு நெனச்சிக்கிட்டீங்க" என்றாயாம்.

"அந்தப் புள்ள சொன்னது நெசந்தான் மாதப்பா. என் பேத்தி டெல்லியில இருக்கா" என்று அவனை அனுப்பிவிட்டேன்.

உன் ஊர் இல்லை என்றாயே, அந்த ஊரிலிருந்து,
உன் ஆயா