உமிச் சுவர் வைத்த அறை

மார்கழி 4, பழவேற்காடு

விடியலிலிருந்து வாடைக்காற்று. ஏரி முழுக்கக் கலங்கல், ஒரு படகும் இறங்கவில்லை. கடைவாய்ப் பல் வலி இன்னும் விடவில்லை.

நேற்று தங்கை கண்ணம்மாவுக்குப் பெண் பிறந்தது. எட்டாம் மாதம். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும், அவ்வளவுதான். அழவில்லை, ஒரு முனகல். உடம்பு சில்லென்று. மருத்துவச்சி வெளியே வந்து என்னிடம் மட்டும் சொன்னாள்: "ஏழுன்னா தங்கும், எட்டு தங்காதுன்னுவாங்க. சூடு போவாம பாத்துக்க. மத்தது அம்மன் கையில."

என் மனைவி எல்லம்மா குழந்தையை மாரோடு அணைத்துச் சேலையால் சுற்றிக்கொண்டாள். இன்னும் இறக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

மார்கழி 5

மழை. கோட்டைக்குச் சுண்ணாம்புக் கணக்கு எழுதப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். பல்லும் உடம்பில்தானே இருக்கிறது.

குழந்தையின் தகப்பன் வில்லம், டச்சுக் கோட்டையில் தச்சன், கப்பலேறி வந்த உலாந்தாக்காரன். ராத்திரியெல்லாம் உட்காரவே இல்லையாம். காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், எங்க ஊர்ல குளிர்ல ஆத்துத் தண்ணி ஒறஞ்சு கல்லாயிடும். அது மேல ஜனம் நடக்கும். அங்கியும் கொழந்த பொறக்குது, பொழைக்குது. வூட்டுக்குள்ள ஒரு வூடு கட்லாம். வா."

பழவேற்காட்டில் குளிருக்கு வீடு. சித்திரையில் அதில் கருவாடு காய வைக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கண்ணைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

வேண்டியவை: பனம்பலகை. உமி, எவ்வளவு கிடைத்தாலும். சாணி, களிமண். படகின் பழைய பாய்த்துணி. மணல்.

மார்கழி 6

காட்டூரிலிருந்து உமி வந்தது. ஓடக்காரன் கேலி: "இன்னா நைனா, செவுரு மாடு மாதிரி உமி துன்னுமா?" தின்னத்தான் போகிறது என்றேன்.

செங்கல் சுவருக்கு உள்பக்கம், ஒரு முழம் தள்ளிப் பலகைச் சுவர். நடுவில் உமி. நெருக்கி அடைக்கக் கூடாதாம், பொலபொலவென்று இருக்க வேண்டுமாம். உமிக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் போர்வை என்கிறான் வில்லம். கூரைக்கடியிலும் பலகை, அதன்மேலும் உமி. தும்மித் தும்மி எனக்குப் பல் வலியே மறந்துபோனது.

மார்கழி 8

முடிந்தது. கதவு இரண்டு, ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். கதவடியில் மணல் திணித்த துணிச்சுருள். வில்லம் விளக்கை ஏந்திச் சுவரோரமாக நடந்தான். சுடர் எங்கே சாய்ந்ததோ அங்கே நான் களிமண் அப்பினேன். சுடர் நிமிர்ந்து நிற்கும்வரை விடவில்லை.

சூட்டுக்கு: முற்றத்தில் அடுப்பு, அதில் செங்கல். துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோய்க் கூடையைச் சுற்றி வைப்பது. கூடைக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் அவள்.

உள்ளே காது அடைத்ததுபோல அமைதி. வெளியே வாடை ஊளையிடுகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. எல்லம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "கொழந்த அழுதா வெளிய எப்டி கேக்கும்?" முதலில் அது அழட்டும் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

மார்கழி 9

திரியைப் பாலில் நனைத்து வைத்தால் சப்புகிறாள். எல்லம்மா நாளெல்லாம் செங்கல் சுமக்கிறாள். கையெல்லாம் கொப்புளம். மாலையில் ஓடிவந்து சொன்னாள்: "கால் கட்டவெரல் சுடுதுங்க. வந்து தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

மார்கழி 11

எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெருமழை. விறகு முழுக்க நனைந்துவிட்டது, செங்கல் சூடேறவில்லை. வில்லம் கோட்டையில், நான் கோட்டையில். எல்லம்மா தேங்காய்ச்சிரட்டைக் கரியைத் தணல் சட்டியில் போட்டு, ஊதிச் சிவக்க வைத்து, அறைக்குள் கொண்டுபோய்விட்டாள். பிள்ளை பெற்ற வீட்டில் தணல் சட்டி இல்லாமல் இருக்குமா? என் தாய் என்னைப் பெற்றபோதும் இருந்தது. ஓலைக் கூரை, ஆயிரம் ஓட்டை. இங்கே ஓட்டை ஏது? நானே அப்பி அடைத்தேன்.

சாப்பாட்டுக்கு வந்தேன். கூப்பிட்டேன், பதில் இல்லை. வெளிக்கதவைத் திறந்தேன். உள்கதவின் அடியில் மணல்சுருள் விலகிக் கிடந்தது. அந்த இடுக்கில் குழந்தையின் மூக்கும் வாயும்.

கதவைத் தள்ளினால் எல்லம்மாவின் உடம்பு தடுத்தது. தவழ்ந்து வந்திருக்கிறாள். கண்ணம்மா பாயில் துவண்டு கிடந்தாள். புகை இல்லை, நாற்றம் இல்லை. நல்ல தணல்.

மூவரையும் மழையில் இழுத்துப் போட்டேன். கண்ணம்மா வாந்தி எடுத்தாள். எல்லம்மாவுக்கு நெடுநேரம் கழித்துத்தான் கண் திறந்தது. குழந்தை மூச்சு விட்டாள். கட்டைவிரல் மறுபடி சில்லிட்டிருந்தது.

மார்கழி 12

மூவரும் இருக்கிறார்கள். குழந்தை நேற்றிலிருந்து கண்ணம்மாவின் மாரில். எல்லம்மா குழந்தையைத் தொட மறுக்கிறாள். "நாந்தான் நெருப்ப வெச்சேன்" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. கதவடிக்கு இழுத்து வந்தது நீதானே என்றேன். அது அவளுக்கு நினைவே இல்லை.

வில்லம் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. எல்லம்மா எதிரில் தரையில் உட்கார்ந்தான். "அக்கா, எங்க ஊர்ல நெருப்பு இருந்தா மேல புகைபோக்கி இருக்கும். எல்லா வூட்லயும் இருக்கும். அதான் சொல்லத் தோணல. தப்பு என்னுது."

அவள் கொல்லைப்பக்கம் எழுந்து போனாள்.

மார்கழி 13

மழை விட்டது. வாடை விடவில்லை.

காலையிலேயே வில்லம் சுவரைத் துளைத்தான். கீழே, முற்றத்து அடுப்பின் பின்புறமாக, புகை எட்டாதபடி ஒரு துளை, காற்று சூடேறி வருவதற்கு. எதிர்ச்சுவரில் கூரையருகே இன்னொன்று, கெட்ட காற்று போவதற்கு. இரண்டிலும் சுட்ட மண்குழாய். "காத்து வரணும் மச்சான். எங்க வரணும், எவ்ளோ வரணும்னு நாம சொல்லணும். அவ்ளோதான்." அடைத்ததும் நான், பிடித்துக்கொண்டு துளைக்க உதவியதும் நான். சுடர் இப்போது மெல்ல ஆடுகிறது. அது ஆடுவதைப் பார்க்க நிம்மதி.

குழந்தை மறுபடி கூடைக்குள். கண்ணம்மா பக்கத்தில். எல்லம்மா உள்ளே வர மாட்டேன் என்கிறாள். முற்றத்து அடுப்படியே கதி. செங்கல்லைச் சுட்டுச் சுற்றி என் கையில் தருகிறாள். சோறு வைத்தது ஆறிக் கிடக்கிறது.

பல் வலி குறைந்திருக்கிறது.

மார்கழி 14

பிற்பகல். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. நான் முற்றத்தில் விறகைக் காயப் பரப்பிக்கொண்டிருந்தேன். எல்லம்மா சூட்டுச் செங்கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

"கேக்குதா?" என்றாள்.

அடுப்பின் பின்னாலிருந்த மண்குழாயில் அழுகை. முனகல் இல்லை; பசித்த பிள்ளையின் அழுகை, நன்றாக, கோபமாக.

செங்கல்லைக் கீழே போட்டாள். அன்றிலிருந்து துவளும் காலை இழுத்துக்கொண்டு போய் வெளிக்கதவைத் திறந்து, அதைச் சாத்திவிட்டு, அடுத்ததைத் திறந்து உள்ளே போய்விட்டாள்.