துவானின் முதுகு

டேய்,

இன்று மத்தியானம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் வாய் வைக்கும்போது, சுவரில் மாட்டியிருந்த டிவியில் உன் முதுகு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முகம் வந்திருந்தால்கூட அத்தனை சீக்கிரம் கண்டுபிடித்திருக்க மாட்டேன். இடது தோள் கொஞ்சம் இறங்கிய அதே நடை. குழம்புக் கையோடு எழுந்து நின்று, "பாஸ், சவுண்டு வைங்க லா, அது என் கூட்டாளி" என்றேன்.

கல்லாவில் இருந்தவர் டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அங்கிள், இது போலீஸ் தலைவர் படம். ஹீரோ மலாய்க்கார ஆக்டர்."

"முகம்தான் அவரு. முதுகு எங்க பண்டமாரான் ஊர்க்காரன்" என்றேன். கடையே சிரித்தது. நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது, இன்னும் என்னைப் பொது இடத்தில் இப்படிக் கோமாளியாக்கிக்கொண்டிருக்கிறாய்.

அந்தப் போலீஸ் தலைவரைப் பற்றி நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் துவான், அதாவது ஐயா, என்று சொன்னாலே அவர்தான். ரவுடிகளை ஒழித்த தெய்வம் என்று பாதிப்பேர் கும்பிடுவார்கள். விசாரிக்காமல் ஆட்களை அள்ளி உள்ளே போட்டவர் என்று மீதிப்பேர் திட்டுவார்கள். நம் தேநீர் மேசையிலும் அந்தச் சண்டை நடக்கும். நீ மட்டும் வாயைத் திறக்காமல் டீயை ஆற்றிக்கொண்டிருப்பாய். ஏன் என்று எனக்குத் தெரியும்.

நமக்கு இருபத்திரண்டு வயது. பந்து விளையாடிவிட்டுத் திடலில் உட்கார்ந்திருந்த சாயங்காலம், துவானின் ஆட்கள் சுற்றி வளைத்தார்கள். இருந்தவர்களையெல்லாம் கும்பல்காரர்கள் என்று லோரியில் ஏற்றினார்கள். நான் கால்வாயைத் தாண்டிக் குதித்து ஓடினேன். நீயும் ஓடியிருக்கலாம். என் புது சைக்கிள் அங்கேயே கிடக்கிறதே என்று எடுக்கத் திரும்பினாய், மடையா. இரண்டு நாள் லோக்காப்பில் உட்கார வைத்து, கூட இருந்து ஓடியவன் யார் என்று கேட்டுக் கேட்டு அறைந்தார்கள். "தனியாத்தான் வந்தேன்" என்று கடைசிவரை சொல்லியிருக்கிறாய்.

நீ பிடிபட்ட மறுநாள்தான் பெண் பார்க்கப் போக வேண்டிய நாள். விஷயம் வெளியே தெரிந்தால் பெண் தர மாட்டார்கள் என்று உன் அம்மா அழுதார். செமினி ஊரில் இருக்கும் உன் மாமாவுக்குத் திடீர் நெஞ்சுவலி, பையன் பார்க்கப் போயிருக்கிறான் என்று பெண் வீட்டில் போய்க் கதை அளந்தது நான்தான். பெண்ணான சரசு அதை அப்படியே நம்பினாள். கல்யாணம் ஆன பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த மாமாவுக்கு ஒரு டின் முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்து, "இப்ப நெஞ்சு எப்படி இருக்கு மாமா?" என்று கேட்பாள். மனுஷன் தொண்ணூறு தாண்டியும் கல்லு மாதிரி இருந்தார். இந்தப் பிள்ளை ஏன் எப்போதும் என் நெஞ்சையே விசாரிக்கிறது என்று குழம்பியபடியே முறுக்கைத் தின்று தீர்த்தார்.

நான் ஓடியதை நீ யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் சரசு கையால் காப்பி வாங்கிக் குடிக்கும்போதெல்லாம் அது எனக்குத் தொண்டையில் நின்றது.

அப்புறம் அந்தப் படக்காரர்கள் வந்தார்கள். பாசாரில் நீ தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். பின்னாலிருந்து ஒரு பெண், "அங்கிள், திரும்பாதீங்க, அப்படியே நடங்க" என்றாள். ஹீரோவுக்கு முழங்கால் வலியாம். துவான் நடந்துபோகும் காட்சிகளுக்குப் பின்னாலிருந்து எடுக்க அதே உடம்பு தேவைப்பட்டதாம். நீ ஊர் முழுக்க என்ன சொன்னாய்? "துவானா நடிக்கிறது நான்தான்." முதுகு மட்டும் என்பதை எவனுக்கும் சொல்லவில்லை. வீட்டில் மீசைக்கு டை அடித்துக்கொண்டிருந்தபோது சரசு கேட்டாள்: "முதுகுக்கு எதுக்குங்க மீசை?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தினமும் காலையில் திடலைச் சுற்றி நடந்து பழகினாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் சல்யூட் அடித்தார்கள். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் சீருடையோடு டீக்கடைக்கு வந்துவிட்டாய். ரோட்டில் இரட்டை வரிசையாக நிறுத்தியிருந்த கார்கள் அத்தனையும் ஒரு நிமிஷத்தில் மாயமாயின. கடைக்காரர் உனக்குக் கும்பிடு போட்டு, "தினமும் வாங்கண்ணே" என்றார். பின்னாலேயே ஓடிவந்த படக்காரப் பெண் உன்னைத் திட்டியபடி இழுத்துப் போனாள்.

கடைசி நாள் கிள்ளானில் ஒரு பழைய கட்டடத்தைப் போலீஸ் நிலையமாக்கியிருந்தார்கள். வேடிக்கை பார்க்க நானும் வந்திருந்தேன். தரையில் வரிசையாகக் கைதிகள், எல்லார் தலையும் குனிந்திருக்க வேண்டும். துவான் அவர்களைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து போக வேண்டும். நீ நடந்தாய், பாதியில் நின்றாய். "தலையத் தூக்குங்க தம்பி" என்றாய். இயக்குநர் நிறுத்தச் சொன்னார். மறுபடி எடுத்தார்கள், மறுபடி நின்றாய். மூன்றாவது தடவை அவர் கிட்டே வந்து, "ஏன் பாக்சிக், என்ன ஆச்சு?" என்று மாமா முறை சொல்லி மலாயில் கேட்டார்.

நீ தொப்பியைக் கழற்றிவிட்டு மலாயிலேயே சொன்னாய்: "நான் அங்கே உட்கார்ந்தவன். அன்றைக்கு அவர் என்னைக் கடந்து போனார். அவருடைய சப்பாத்துக் காலை மட்டும்தான் பார்த்தேன்."

இயக்குநர் தொப்பியை வாங்கி மறுபடி உன் தலையில் வைத்தார். பிறகு, "முதலில் நடந்து முடியுங்கள். அடுத்து நீங்களே அங்கே உட்காருங்கள்" என்றார். நீ நடந்தாய், ஒழுங்காக, ஒரு தடவையில். பிறகு கசங்கிய சட்டையை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து தலையைத் தூக்கினாய்.

தியேட்டரில் உன் குடும்பம் மட்டும் மூன்று வரிசை. முதுகு வரும்போதெல்லாம் விசில். அப்புறம் அந்தக் காட்சி வந்தது. துவானின் முதுகு கடந்து போகிறது, கீழேயிருந்து ஒரு கிழவன் அவரை நிமிர்ந்து பார்க்கிறான். இரண்டும் நீதான். பேரப்பிள்ளைகள் "தாத்தா, தாத்தா" என்று கத்தினார்கள். சரசு மட்டும் அசையவில்லை.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் கேட்டாள்: "அது நடிப்பு இல்லீங்களே?"

நீ சொல்லிவிட்டாய். திடல், லோரி, இரண்டு நாள், எல்லாம். கேட்டு முடித்தவள் உன் கன்னத்தைத் தடவினாள். பிறகு திடீரென்று, "அப்ப செமினி மாமாவுக்கு நெஞ்சுவலியே வரலையா? எத்தனை டின் முறுக்குங்க" என்றாள். மகன், மருமகள், பேரன் பேத்தி எல்லாரும் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நீதான் அதிகம் சிரித்தாய். அவ்வளவு லேசாக உன்னை நான் பார்த்ததே இல்லை.

சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள்: "அன்னிக்கு உங்க கூட யாரும் இல்லையா?"

நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "தனியாத்தான் இருந்தேன்" என்றாய். நான் இரண்டடி தூரத்தில் சோளப்பொரிப் பையோடு நின்றேன்.

இன்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் நேராக ரயில் ஏறினேன். சரசு வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டைத் திறக்கும் முன்பே சொன்னேன்: "தங்கச்சி, அன்னிக்குத் திடல்ல நானும் இருந்தேன். அவனை விட்டுட்டு ஓடிட்டேன்."

அவள் ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "தெரியும்ண்ணே" என்றாள்.

"அவன் சொன்னானா?"

"அவரு எங்க சொல்றாரு. ரொட்டி வாங்கப் போனாக்கூட உங்களக் கூப்பிடாமப் போனதில்ல. அன்னிக்கு மட்டும் தனியாவா போயிருப்பாரு? உள்ள வாங்க, காப்பி போடுறேன்."

குடித்தேன்டா. இந்தத் தடவை தொண்டையில் எதுவும் நிற்கவில்லை. ஓடிய வெட்கத்தை அவள் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்தேன். உன் கன்னத்தில் விழுந்த அந்த அறைகளை மட்டும் நானே வைத்துக்கொள்கிறேன். அவை எனக்காக நீ வாங்கியவை.