ரத்தமா போகுதா என்று ஏன் கேட்டாய்?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம். நீ கொடுத்த நாய்க்குட்டி குண்டுவுக்குத்தான் நலமில்லை. போனில் கேட்டால் நைசாகப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் வேலையாக அந்தப் பக்கம் வரும் உன் அத்தானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

குண்டு இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். முன்னங்காலில் டிரிப்ஸ் ஏறுகிறது. குட்டிகளுக்கு ரத்தபேதி வரவைக்கும் பார்வோ வைரஸ் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தடுப்பூசி போட்ட குட்டிக்கு எப்படி வரும் என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை சில குட்டிகளுக்கு ஊசி வேலை செய்யாதாம். எல்லாத் தவணையும் முடியும்வரை ஆபத்துதானாம். சரி, அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று மனதை அரிக்கிறது. குட்டி சாப்பிடவில்லை என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். எடுத்த எடுப்பிலேயே, ரத்தமா போகுதாக்கா என்று கேட்டாய். அப்போது போகவில்லை. மறுநாள்தான் போனது. உனக்கு எப்படித் தெரிந்தது?

குட்டியை வாங்க வந்த அன்றும் எங்களைக் கொட்டகைக்குள் விடவில்லை. தாய் நாயைக்கூடக் காட்டாமல் வாசல் கேட் அருகிலேயே கொடுத்தனுப்பினாய். பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கரித்தது. தம்பிக்குத் திடீரென்று சுத்தம் வந்துவிட்டதே என்று கேலி செய்தேன். இந்தக் கிருமி பிளீச்சிங் பவுடருக்குத்தான் சாகும் என்று டாக்டரம்மா சொன்னபோதுதான் எனக்கு அந்த நெடி நினைவுக்கு வந்தது. உன் அத்தானோ, நாய்னா சீக்கு வராதா, கூடப் பிறந்தவனையே சந்தேகப்படுறியே என்று என்னைத் திட்டுகிறார். அவருக்கு வெள்ளை மனசு. உன்னை எனக்கு டவுசர் போட்ட நாளிலிருந்து தெரியும்.

வேறு எந்த வீட்டிலாவது குட்டி செத்ததா? மறைக்காமல் சொல். வாங்கிப்போன எல்லோருக்கும் போன் போட்டுச் சொல். சீக்கிரம் தூக்கிக்கொண்டு ஓடினால் பிழைக்க வழி உண்டாம்.

உன் மருமகள் ஆஸ்பத்திரி பெஞ்சை விட்டு எழுந்திருப்பதில்லை. மாமா நல்ல குட்டியாத்தான் குடுத்திருப்பார் என்கிறாள். கேட்கவே பயமாக இருக்கிறது. அவள் பேச்சை நம்பித்தான் அவளுடைய தோழி வீட்டார் ஞாயிற்றுக்கிழமை அதே ஈற்றுக் குட்டியை வாங்க வருகிறார்களாமே. கொடுக்காதே.

நீயும் உன் தொழிலும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நான் எப்போதும் வேண்டுவேன். அந்தத் தோழியின் அப்பா நம்பர் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமைவரை பொறுத்திருப்பேன். அதற்குள் நீயே அவரிடம் சொல்லிவிடு. உன்னைக் காட்டிக்கொடுக்க என்னை விடாதே, தம்பி.

உன் நல்லதையே நினைக்கும்
அக்கா