அளக்காமல் எழுதிய எண்கள்

கார்ல்ஸ்ரூஹே, ஜெர்மனி, 1974

ஜூன் 5, புதன்

காலையிலிருந்து தூறல். காலுறை காயவில்லை, ஈரத்தோடு போட்டுக்கொண்டு ஆய்வுக்கூடம்.

கோடை விழாப் போட்டிக்கு இன்னும் பத்து நாள். ஆள் தொடாமல், தரையில் பூசிய வெள்ளைக் கோட்டைப் பார்த்துத் தானே ஓடும் வண்டி. ஒரு பெட்டி பீரைச் சுமந்துகொண்டு மரச்சரிவில் ஏறி முற்றத்தை அடைய வேண்டும். நான்கு துறைகள் போட்டியில். எங்கள் துறையில் வண்டியும் மோட்டாரும் என் பொறுப்பு, மூன்று வருடமாக இங்கே ஆய்வு மாணவன் என்ற தகுதியில். வண்டியைத் திருப்பும் சர்க்யூட் ஆரோக்கியத்தின் பொறுப்பு. தூத்துக்குடிக்காரன், ஆறு மாதத் தற்காலிக வேலை. நீட்டிப்பதா அனுப்புவதா என்று இந்த மாதக் கடைசியில் பேராசிரியர் (இனி பே.) சொல்வார்.

இதுவரை பார்த்த மோட்டார்கள்:
– டேப் ரெக்கார்டருடையது. சத்தமே இல்லை. விரலால் பிடித்தால் நின்றுவிடுகிறது.
– கார் ஹீட்டர் விசிறியுடையது. பேய் வேகம். பல்சக்கரம் கட்ட நேரமில்லை.
– கார்க் கண்ணாடியில் மழை துடைக்கும் வைப்பருடையது. மெதுவானது, கனமானது, இழுவை அபாரம். பழைய கார் உடைக்கும் இடத்தில் ஒரே மாதிரி இரண்டு.

வைப்பர்தான். இடது சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று.

அரிசி வாங்க வேண்டும். இங்கே கிடைப்பது பாலில் வேகவைக்கும் குட்டை அரிசி. எப்படி வடித்தாலும் கூழ்.

ஜூன் 7, வெள்ளி

வெயில். பட்டறைத் தலைவர் கோலர் மோட்டார்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இரண்டும் எதிரெதிராகப் பார்த்து உட்காரும். அப்படியென்றால் வண்டி முன்னே போக ஒன்று தலைகீழாகச் சுற்ற வேண்டும். வைப்பர் மோட்டார் ஒரு பக்கம் மட்டும் சுற்றச் செய்தது. தலைகீழாக எவ்வளவு சோம்பும் என்று சுமை ஏற்றி அளந்துவிடுங்கள். அட்டவணையில் கையெழுத்தும் வேண்டும்." இங்கே அளந்தவன் கையெழுத்து இல்லாமல் ஒரு தாள் நகராது.

நேர்ச்சுற்று: பத்து எடை, பத்து ரீடிங். ஒழுங்காக அளந்தேன்.

தலைகீழ்ச்சுற்று (வலது மோட்டார்): கழற்றி மாட்டவே மணி இரண்டரை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பட்டறை பூட்டு. கோலர் சாவியோடு நின்று, "திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாமே" என்றார். நல்ல மனிதர். நான்தான் "முடிந்துவிட்டது" என்றேன். இந்தியாக்காரன் மந்தம் என்று ஒரு பேச்சு வந்துவிடக்கூடாதாம். ரோஷம்.

முடியவில்லை. ஒன்றைக்கூட அளக்கவில்லை.

கோயம்புத்தூரில் படித்தபோது ரெக்கார்டு நோட்டில் பாதி ரீடிங் குக் பண்ணியதுதான். விடை தெரியும், அதிலிருந்து பின்னோக்கி நடந்து எண்களை இறக்குவோம். வரைபடத்தில் கோடு நேராக வந்தால் பத்துக்குப் பத்து. வாத்தியாருக்கும் தெரியும். கை பழகிவிட்டது. நேர்ச்சுற்று எண்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று குறைத்துத் தலைகீழ்ச்சுற்று என்று எழுதினேன். இரண்டு இடத்தில் நான்கு குறைத்தேன், இயல்பாக இருக்கட்டும் என்று. கையெழுத்தும் போட்டேன்.

மாலை சட்டை துவைத்தேன். அம்மாவுக்குப் பாதிக் கடிதம்.

ஜூன் 12, புதன்

நடைபாதையில் ஓட்டிப் பார்த்தோம், அரைச் சுமையோடு. கோட்டை விட்டு விலகவில்லை, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தது. ஆரோக்கியம் தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

"அண்ணே, வலது சக்கரம் லேசா பின்தங்குது. உங்க டேபிள்ல வித்தியாசம் ரொம்பக் கம்மியால்ல இருக்கு. கரெக்‌ஷனக் கூட்டி வைக்கட்டுமா?"

"கூட்டினா வண்டி நெளிஞ்சு நெளிஞ்சு போகும். டேபிள்படியே வை."

வைத்தான். அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாய்ச்சொல். தெருவெல்லாம் கால்பந்துப் பேச்சு, நானும் அதையே பேசிக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன்.

ஜூன் 15, சனி

எழுதவே கை வரவில்லை.

முழுப் பெட்டி, முதல் தடவையாகச் சரிவில். பாதி தூரம் கம்பீரமாக ஏறியது. கை தட்டினார்கள். பிறகு வலது சக்கரம் முக்கித் திணறியது, இடது தன்பாட்டுக்குத் தள்ளியது. சர்க்யூட் தன்னால் முடிந்த மட்டும் திருப்பியும் போதவில்லை. விளிம்பைத் தாண்டி வண்டி தலைகுப்புற. பாட்டில்கள் நொறுங்கி நுரை ஓடியது. முற்றம் முழுக்கச் சிரிப்பு. கடுமையான சிரிப்பில்லை, விழாச் சிரிப்புதான். பே. மட்டும் சிரிக்கவில்லை.

"திருப்பும் பகுதி யாருடையது?"

"என்னுடையது" என்றான் ஆரோக்கியம்.

"அட்டவணையில் வித்தியாசம் இவ்வளவு சிறியது. இதைக்கூட உங்கள் சர்க்யூட்டால் சமாளிக்க முடியவில்லையா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து கண்ணாடித் துண்டு பொறுக்கினேன். மும்முரமாகப் பொறுக்கினேன், அதுதான் என் தலையாய கடமை என்பது போல. ஒருவர் விளக்குமாறு கொண்டுவந்து கொடுத்தார், அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

மேகமூட்டம். ஆய்வுக்கூடச் சாவி என்னிடம் இருக்கிறது. போனேன். வலது மோட்டாரைக் கழற்றித் தலைகீழாகச் சுற்றவிட்டு அளந்தேன், பத்து எடைக்கும். முழுச் சுமையில் வேகம் நான் எழுதியதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஒன்றேகால் மணி நேர வேலை. திங்கட்கிழமை செய்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வெட்கமாக இருக்கிறது. வேறு பெரிய வார்த்தை தேடினேன், இதுதான் சரி. கண்ணாடி பார்க்காமல் சவரம், தாடையில் வெட்டு.

ஜூன் 17, திங்கள்

அரசு விடுமுறை. பே. வரமாட்டார் என்றதும் மனதில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே அருவருப்பு. நேரே ஆரோக்கியத்தின் அறைக்கு. சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே. டீ போடட்டுமா?"

நின்றபடியே சொன்னேன். தலைகீழ்ச்சுற்று எதுவும் அளக்கவில்லை, எல்லாம் குக் பண்ணியது என்று. அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"தெரியும்ணே."

"எப்போ?"

"புதன்கிழமையே சந்தேகந்தான். பத்து ரீடிங்ல ஒண்ணாவது கிராஃப் கோட்டை விட்டு வெளிய நிக்கணும்லா. ஒண்ணுமே நிக்கல. எங்க காலேஜ்லயும் இப்படித்தான எழுதுவோம்."

"அப்புறம் ஏம்ப்பா கேக்கல?"

"நீங்க சீனியர். கையெழுத்து வேற போட்டிருக்கீங்க. நான் என்னன்னு கேக்க?" சட்டையைத் திருப்பிப் போட்டான். "சனிக்கிழமை புரொபசர் கேட்டப்போ நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டு நின்னேன்."

திட்டியிருந்தால் தேவலை. டீ கொடுத்தான். குடித்தேன். அதையும் குடித்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

மழை. எட்டு மணிக்குப் பே. அறை. பழைய அட்டவணையையும் ஞாயிற்றுக்கிழமை அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஜெர்மனில் மனப்பாடம் செய்து போயிருந்தேன், நடுவில் மறந்துபோய் உடைந்த ஜெர்மனில் சொல்லி முடித்தேன்.

இரண்டு தாளையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். கத்தவில்லை.

"ஆரோக்கியத்தின் சர்க்யூட்டில் குறையில்லை?"

"இல்லை. அன்று அவன் கேட்டபடி விட்டிருந்தால் வண்டி ஏறியிருக்கும்."

அவனுடைய கோப்பை எடுத்து இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டார். நீட்டிப்பு ஓராண்டு. எனக்கும் கேட்கும்படி வாசித்தார். அப்பாடா என்று இருந்தது. எழுந்தேன்.

"உட்காருங்கள்" என்றார். "உங்கள் ஆய்வேட்டில் நாற்பது அட்டவணை இருக்கிறது. எல்லாம் அளந்ததா?"

எல்லாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"மூன்றாம் நோட்டில் நான்கு பக்கம் அளக்காதது" என்றேன்.

கொண்டுவரச் சொன்னார். அதை எடுக்கத்தான் அறைக்கு வந்தேன். உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்கு இல்லை, ஏழு பக்கம்.