ஈரத்தின் மேல் ஊற்றிய எபாக்சி

அனுப்புநர்:
எபாக்சி, பவுண்டேஷன் போல்ட் கடை உரிமையாளர்,
நீரேற்று நிலையத்தின் எதிர்ப்புறம்.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வாரியம்.

பொருள்: மூன்றாம் பம்பு பழுது – பம்பு ஆபரேட்டர் (இயக்குநர்) பணியிடை நீக்கம் – அடித்தளத்தை நேரில் சோதிக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மூன்றாம் பம்பு ஆட்டம் கண்டு, தண்டு முறிந்து நின்றுவிட்டது. கவனக்குறைவாக ஓட்டியதாகப் பம்பு இயக்குநரைப் பணியிடை நீக்கம் செய்துள்ளனர். அவர் என் தங்கையின் கணவர். பின்னால் யாரோ சொல்லித் தாங்கள் அறிவதைவிட நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2. பம்பின் இரும்புச் சட்டத்துக்கும் கான்கிரீட் தளத்துக்கும் நடுவே ஊற்றிய எபாக்சி என் கடைச் சரக்கு. இரண்டையும் இறுக ஒட்டி அதிர்வைத் தாங்குவது அதன் வேலை. சிமெண்டுக்குத் தண்ணீர் உயிர், இதற்கு எமன்.

3. ஊற்றிய அன்று நான் அங்கிருந்தேன். உதவிப் பொறியாளர் கொத்தனாரிடம், "தளம் காஞ்சு கெடக்கு, நல்லா தண்ணி தெளிப்பா" என்றார். சிமெண்ட் வேலையில் முப்பது வருடக் கைப்பழக்கம். கொத்தனாரும் வாளியோடு வந்தார். "சார், இது சிமெண்ட் இல்ல, தொடச்சிடச் சொல்லுங்க" என்றேன். "ஊத்துறது எங்க வேலை. நீங்க கடையில போய் ஈ ஓட்டுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஆர்டரை நினைத்து நானும் சிரித்தேன். சரக்கு பெற்றதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அது என் தவறு. சரக்கின் தவறு அன்று.

4. "அதிர்வு கூடுகிறது" என்று இயக்குநர் பதிவேட்டில் மூன்று முறை எழுதியிருக்கிறார். மூன்றின் கீழும் உதவிப் பொறியாளரின் சுருக்கொப்பம் உண்டு. விசாரணை அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. விசாரித்தவரும் அவரே.

5. உறவுக்காரன் பேச்சை நம்ப வேண்டாம். தளத்தைச் சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். ஒட்டிய இடம் கணீரென்று கேட்கும், ஒட்டாத இடம் டொக்கென்று கேட்கும். ஒரு மூலையைப் பெயர்த்தும் பார்க்கலாம். எபாக்சி கான்கிரீட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தால் நான் சொன்னது பொய். என் கடைப் பெயரை வாரியப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். வழுவழுவென்று தனியே கழன்று வந்தால், என் மச்சானை அவர் இருக்கையில் திரும்ப உட்கார வையுங்கள்.

6. வரும் திங்களன்று பழைய எபாக்சியை உடைத்து அள்ளிவிட்டுப் புதிதாக ஊற்றப் போகிறார்கள். அதற்குப் பிறகு தட்டிப் பார்க்க எதுவும் மிஞ்சாது. புதிய ஆர்டரும் என் கடைக்கே வந்திருக்கிறது. தாங்கள் வந்து பார்க்கும்வரை ஒரு டப்பாகூட வெளியே போகாது.

இடம்: கடை
நாள்: வியாழன், காலை

இப்படிக்கு,
அன்று சிரித்தவர்களில் ஒருவன்,
(கையொப்பம்)
கடை உரிமையாளர்